சீரம் இல்லாத செல் வளர்ப்பு மீடியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே வேலை: 10% கன்றுக்கரு சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்), பிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளரும் சிஎச்ஓ-கே1 செல்களைச் சீரமே இல்லாத மீடியத்தில் (செல் வளரும் ஊட்டக் கரைசலில்), ஷேக்கரில் மிதந்து வளர வைப்பது. 1957-ல் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பிரித்தெடுத்த செல்வழியின் வாரிசுகள் இவை. இன்றைக்கு ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தில்தான் தயாராகிறது. வேறு செல்களுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சீரம் அப்படி என்னதான் செய்கிறது?

வளர்ச்சிக் காரணிகளைத் தருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அது அதன் வேலையில் ஒரு பங்குதான். இரும்பைக் கரைந்த நிலையில் செல்லுக்குள் கொண்டுபோவது டிரான்ஸ்பெரின். கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்ட்ராலையும் சுமப்பவை ஆல்புமினும் லிப்போபுரதங்களும். செல் தரையில் ஒட்டுவதற்கு பைப்ரோநெக்டினும் வைட்ரோநெக்டினும் வேண்டும். ஒட்டிய செல்களைப் பிரிக்கப் போடும் டிரிப்சின் நொதியை அடக்கும் புரதங்கள் சீரத்தில் ஏராளம். செலினியம், துத்தநாகம், செம்பு போன்ற நுண் உலோகங்களும் அதனுடனே வந்துவிடுகின்றன. குமிழி உடையும் இடத்தில் செல் சவ்வு கிழியாமல் காப்பதும் சீரப் புரதங்கள்தாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு: சீரம் நம் குறைகளை மறைக்கிறது. 10% சீரம் சேர்த்த மீடியத்தில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் புரதம் இருக்கும். தண்ணீரில் வந்த கன உலோகம், கண்ணாடியில் தங்கிய சோப்பு, பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த சேர்மம், வெளிச்சத்தில் உண்டான பெராக்சைடு என எல்லாவற்றையும் அந்தப் புரதம் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழே தந்திருக்கும் செய்முறையில் மொத்தப் புரதமே லிட்டருக்கு 15.5 மில்லிகிராம். அதனால் சீரத்தை எடுத்த அன்று வரும் தோல்விகளில் பாதி, சத்துக் குறைவால் வருவதல்ல. முன்பிருந்தே இருந்த அசுத்தம் அன்றுதான் கண்ணில் படுகிறது.

அப்படியானால் ஏன் எடுக்க வேண்டும்?

தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பது முதல் காரணம். போன மாதம் வந்த முடிவு இந்த மாதம் வராது. காரணம் கண்டுபிடிக்கவும் முடியாது. மாட்டு வைரஸ், மைக்கோபிளாஸ்மா எனும் மிகச் சிறிய பாக்டீரியா, பித்துப்பசு நோய்க்குக் காரணமான பிரையான் ஆகியவை மருந்து தயாரிப்பில் பெரிய தலைவலி. ஒரு லிட்டர் மீடியத்தில் செல்கள் 50 மி.கி. ஆன்டிபாடி சுரந்தால் அதை 3 கிராம் மாட்டுப் புரதத்திலிருந்து பிரிக்க வேண்டியிருக்கும். கருவின் இதயத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் முறை குறித்த அறக்கேள்வியும் இருக்கிறது.

உங்கள் வேலை நான்கு நாள் ஆய்வுக்காகக் கொஞ்சம் செல் வளர்ப்பது மட்டும்தான் என்றால் சீரத்திலேயே இருங்கள். இந்த மாற்றத்துக்கு ஓரிரு மாதம் பிடிக்கும்.

சீரமற்றது, விலங்குப் பொருளற்றது, புரதமற்றது, வேதியியல் வரையறை கொண்டது: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சீரமற்ற மீடியத்தில் மாட்டு ஆல்புமினும் மாட்டு டிரான்ஸ்பெரினும் இருக்கலாம். விலங்குப் பொருளற்றதில் சோயா அல்லது ஈஸ்ட் சாறு லிட்டருக்கு சில கிராம் இருக்கலாம். அதுவும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும், ஆகவே சீரத்தின் பழைய தொல்லை வேறு உருவில் திரும்பி வருகிறது. புரதமற்றதில் பெரிய புரதம் இருக்காது, ஆனால் அதே சாறுகளின் பெப்டைடுகள் இருக்கலாம். ஒவ்வொரு பொருளின் வேதிப்பெயரும் அளவும் தெரிந்திருந்தால்தான் வேதியியல் வரையறை கொண்டது. மறுசேர்க்கை முறையில் (ஜீனை வேறொரு செல்லில் ஏற்றி) தயாரித்த இன்சுலின் அதில் இருக்கலாம். மீடியம் வாங்கும்போது பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பகுப்பாய்வுச் சான்றிதழைப் படியுங்கள்.

எந்த அடிப்படை மீடியத்தில் தொடங்குவது?

டிஎம்இஎம், எஃப்12 எனும் இரண்டு ஆயத்த மீடியங்களும் சரிபாதி கலந்த பொடியில். சிஎச்ஓ-கே1 செல்லுக்குப் புரோலின் எனும் அமினோ அமிலத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. டிஎம்இஎம்-மில் புரோலின் கிடையாது. எஃப்12-ல் லிட்டருக்கு 34.5 மி.கி. இருக்கிறது. சீரம் இருந்தவரை டிஎம்இஎம்-மில் ஓரளவு ஓடிக்கொண்டிருந்த செல், சீரத்தை எடுத்ததும் பட்டினி கிடப்பது இதனால்தான். இன்சுலினை எவ்வளவு கூட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இந்தக் கலவைக்குப் பின்னால் இரண்டு வேறுபட்ட சிந்தனைகள் இருக்கின்றன. ரிச்சர்ட் ஹாம், சிஎச்ஓ செல் தனித்தனியாகச் சீரமின்றி வளர எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொன்றாக அளவைத் திருத்தி, 1965-ல் எஃப்12-ஐ வெளியிட்டார். கார்டன் சாட்டோ வேறு பக்கமிருந்து வந்தார். செல்லுக்குச் சீரம் தருவது முக்கியமாக ஹார்மோன்களே என்று சொல்லி, 1976-ல் ஹயாஷியுடன் சேர்ந்து, சீரத்துக்குப் பதிலாக ஹார்மோன் கலவையிலேயே ஜிஎச்3 எனும் எலியின் பிட்யூட்டரி செல்களை வளர்த்துக் காட்டினார். 1979-ல் அவருடைய ஆய்வகத்தில் பாட்டன்ஸ்டைன் நரம்புச் செல்களுக்குச் செய்த என்2 கலவை இன்றும் விற்பனையில் இருக்கிறது. எஃப்12-ல் பலவகைச் சத்து உண்டு, அளவு குறைவு. டிஎம்இஎம்-மில் அமினோ அமிலமும் குளுக்கோஸும் தாராளம், வகை குறைவு. இரண்டையும் கலப்பது அதனால்தான் பலிக்கிறது.

1 லிட்டருக்குச் செய்முறை?

தொடக்கக் கலவை இது. இறுதி மீடியம் ஆகாது. இதிலிருந்துதான் திருத்திக்கொண்டு போக வேண்டும்.

டிஎம்இஎம்/எஃப்12 பொடி, 1 லிட்டருக்கு உரிய பொட்டலம்
சோடியம் பைகார்பனேட் 2.44 கிராம்
போலாக்சமர் 188 (குமிழி உடையும்போது செல்லைக் காக்கும் பாலிமர்): 10% கரைசலில் 10 மி.லி. (இறுதியில் 0.1%)
இன்சுலின் 10 மி.கி.
டிரான்ஸ்பெரின் 5.5 மி.கி.
சோடியம் செலினைட் 6.7 மைக்ரோகிராம்
எத்தனோலமின் 20 மைக்ரோமோலார்
குளூட்டமின்: பொடியில் 2.5 மில்லிமோலார் இருக்கும். மொத்தம் 4 வரும்படி கூட்டவும்

இருப்புக் கரைசல்களை முன்கூட்டியே செய்துவைத்தால் வேலை எளிது. 100 மி.கி. இன்சுலினை 10 மி.லி. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். லிட்டருக்கு 1 மி.லி. போதும். வெறும் தண்ணீரில் போட்டால் கலங்கலாகவே நிற்கும், ஏனெனில் இன்சுலின் பிஎச் 5.3-ஐ ஒட்டிக் கரைவதில்லை. எத்தனோலமின் 61 மி.கி. எடுத்து 100 மி.லி. தண்ணீரில் கலந்தால் 10 மில்லிமோலார்; லிட்டருக்கு 2 மி.லி. விடவும். செலினைட் 6.7 மி.கி.-யை 100 மி.லி. ஆக்கி, லிட்டருக்கு 0.1 மி.லி. மட்டும் விடவும். செலினைட்டில் கை தவறக்கூடாது: சத்தாக இருக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நேரடியாக எடைபோட்டுச் சேர்க்க ஒருபோதும் முயல வேண்டாம்.

900 மி.லி. தண்ணீரில் பொடியைத் தூவி, அறை வெப்பநிலையில் அரைமணி நேரம் சுழலவிடுங்கள். சூடாக்க வேண்டாம். பைகார்பனேட், பிறகு போலாக்சமர், கடைசியில் புரதங்கள். பிஎச் 7.1-ல் நிறுத்துங்கள், வடிகட்டும்போது கரியமில வாயு வெளியேறி 0.1 முதல் 0.3 வரை ஏறும். 1 லிட்டராக நிரப்பி ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள்களின் மொத்தச் செறிவு) பாருங்கள்: 290 முதல் 320 மில்லி ஆஸ்மோல் வரை இருக்கலாம். 0.2 மைக்ரான் பாலிஈதர்சல்போன் வடிகட்டியில் வடியுங்கள். முதலில் வடிந்து வரும் 20, 30 மி.லி.-யைக் கீழே ஊற்றிவிடுங்கள். வடிகட்டிச் சவ்வில் தங்கிய ஈரமூட்டிச் சோப்பு அதனோடு போய்விடும். இருட்டில், 2 முதல் 8 டிகிரியில் வைத்து நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடவும்.

இன்சுலின், டிரான்ஸ்பெரின், செலினியம்: ஏன் எல்லாச் செய்முறையிலும் இந்த மூன்று?

10 மைக்ரோகிராம்/மி.லி. இன்சுலின் உடலில் இருப்பதைவிடப் பன்மடங்கு. அந்த அளவில் அது ஐஜிஎஃப்-1 எனும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தூண்டுகிறது. செல் பெருகுவதற்கு அந்தத் தூண்டல் உதவுகிறது. அந்தக் காரணியின் மாற்றியமைத்த வடிவமான எல்ஆர்3 ஐஜிஎஃப்-1 போட்டால் இதில் நூறில் ஒரு பங்கே போதும்; விலைதான் பிரச்சினை.

இரும்பு இல்லாமல் டிஎன்ஏ பெருகாது. ஆனால் பிஎச் 7-ல் தனி இரும்பு துருவாகப் படிந்துவிடும், அல்லது பெராக்சைடோடு சேர்ந்து செல்லைச் சிதைக்கும். டிரான்ஸ்பெரின் இரண்டையும் தடுக்கிறது. புரதமே வேண்டாம் என்றால் பெரிக் சிட்ரேட் போடலாம். அப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரிக் சிட்ரேட்டில் மாங்கனீசு கலப்படம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும், மாங்கனீசு கூடினால் ஆன்டிபாடியில் ஏறும் சர்க்கரைச் சங்கிலியின் அமைப்பே மாறிவிடும். செல் எண்ணிக்கையில் எதுவும் தெரியாது. பொருளின் தரச் சோதனையில்தான் வெளிப்படும்.

செலினியம் இல்லாவிட்டால் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் எனும் நொதி வேலை செய்யாது. சீரம் இருந்தபோது பெராக்சைடைச் சமாளித்த ஆல்புமினும் இப்போது இல்லை என்பதால் இந்த நொதிக்கு வேலை கூடிவிட்டது.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்?

18.2 மெகாஓம் தண்ணீர், அன்றே எடுத்தது. எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நஞ்சு) அளந்திருக்க வேண்டும். மின்தடைக் காட்டியில் அது தெரியாது. இரண்டு வாரம் கேனில் நின்ற தண்ணீர் வேண்டாம். சந்தேகம் வந்தால் ஊசி மருந்துத் தரத் தண்ணீரில் 1 லிட்டர் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எதையும் புதிதாகச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்.

செல்களை எப்படிப் பழக்குவது?

சீரத்தை எடுப்பதும் மிதக்க வைப்பதும் இரண்டு தனி மாற்றங்கள். ஒன்றாகச் செய்தால் எது கொன்றது என்று தெரியாது. முதலில் பிளாஸ்க்கில் ஒட்டியிருக்கும்போதே சீரத்தைக் குறையுங்கள்: 10, 5, 2.5, 1, 0.5, பிறகு 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு, மூன்று பாசேஜ் (வளர்ந்த செல்களில் ஒரு பகுதியைப் புது மீடியத்துக்கு மாற்றுவது). வழக்கமாக விதைப்பதைப் போல இரு மடங்கு விதைக்கவும். தொடங்கும் செல் 95% உயிரோடும் பெருகும் கட்டத்திலும் இருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா இல்லை என்று சோதித்திருக்க வேண்டும்.

சீரம் 1%-க்குக் கீழே இறங்கும்போது ஒரு காட்சி பலரைத் தடுமாறச் செய்யும். விரிந்து கிடந்த செல்கள் ஒவ்வொன்றாக உருண்டு, மேலே மிதக்கத் தொடங்கும். செத்துவிட்டது என்று மேல்நீரை உறிஞ்சிக் கொட்டிவிடுவார்கள். கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டு எடுத்து டிரிப்பான் நீலம் கலந்து பாருங்கள். நீலம் ஏறாமல் பளபளவென்று வட்டமாக இருந்தால் அவைதான் உங்களுக்கு வேண்டிய செல்கள். அடியில் ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு மிதப்பதைச் சேகரியுங்கள்.

பிறகு 125 மி.லி. காற்றோட்ட மூடி குடுவையில் 25 மி.லி., மி.லி.க்கு 5 லட்சம் செல், 37 டிகிரி, 5 முதல் 8% கரியமில வாயு, 25 மி.மீ. விட்டத்தில் சுழலும் ஷேக்கரில் நிமிடத்துக்கு 120 சுற்று. மூன்று நாளுக்கு ஒருமுறை பாசேஜ். முதல் சில பாசேஜ்களில் உயிர்விகிதம் 75, 80%-க்கு இறங்கும், பதற வேண்டாம். 70%-க்குக் கீழே போனால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். திரும்புவதற்கு முந்தைய படியின் குடுவை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவதைப் போன்ற வீண் நஷ்டம் வேறில்லை.

மி.லி.க்கு 3 லட்சம் விதைத்து மூன்று நாளில் 24 லட்சம் வந்தால் இரட்டிக்க 24 மணி நேரம் ஆகிறது என்று பொருள். தொடர்ந்து மூன்று பாசேஜ் இப்படி வந்து, உயிர்விகிதம் 95%-க்கு மேல் நின்றால் பழகிவிட்டது. உடனே உறைய வையுங்கள்.

டிரிப்சினை எப்படி நிறுத்துவது? சீரம்தான் இல்லையே.

சோயா டிரிப்சின் தடுப்பானை மி.லி.க்கு 1 மி.கி. கலந்து நிறுத்தலாம். அல்லது டிரிப்சினை விட்டுவிட்டு அக்குடேஸ், டிரிப்எல்இ போன்ற மென்மையான நொதிகளுக்கு மாறலாம். எதுவானாலும் பிறகு 200 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி நொதியை அகற்றுங்கள். சீரம் இல்லாத செல்லின் சவ்வு முன்புபோல் தாங்காது. 1000 ஜி-யில் சுற்றுவது, பைப்பெட்டில் வேகமாக மேலும் கீழும் இழுப்பது எல்லாம் இனி கூடாது.

செல்கள் கட்டி கட்டியாகச் சேருகின்றன.

முதலில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். கட்டியிலுள்ள ஐம்பது செல் ஒன்றாக எண்ணப்படும். மாதிரியில் அக்குடேஸ் விட்டு 5 நிமிடம் வைத்துப் பிரித்து எண்ணுங்கள்.

கட்டியின் நடுவே செத்த செல் இருந்தால் காரணம் பெரும்பாலும் செத்த செல்லிலிருந்து கொட்டிய டிஎன்ஏ. அது பசைபோல மற்றவற்றை இழுக்கும். அப்போது சரிசெய்ய வேண்டியது சாவைத்தான். கட்டியைக் கலைப்பதால் பயனில்லை. உயிருள்ள செல்களே கட்டினால் கால்சியத்தைப் பாருங்கள். டிஎம்இஎம்/எஃப்12-ல் சுமார் 1 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. செல்லோடு செல்லை இணைக்கும் கேட்ஹெரின் புரதங்களுக்கு அது வேண்டும். கால்சியம் இல்லாத பொடி வாங்கி, படிப்படியாகச் சேர்த்து, எந்த அளவில் கட்டு விடுகிறது என்று கண்டறியுங்கள். ஷேக்கரை 120-லிருந்து 130, 140-க்கு ஏற்றுவதும் உதவும். பாசேஜ் செய்யும்போது குடுவையை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் பெரிய கட்டி அடியில் படியும். மேலே இருக்கும் தனிச் செல்களை மட்டும் அடுத்த குடுவைக்கு எடுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் கட்டாத செல்களே தேர்ந்துவிடும்.

டெக்ஸ்ட்ரான் சல்பேட், ஹெபாரின் இரண்டும் கட்டியைக் குறைக்கும். ஆனால் பின்னால் பாலிஎத்திலினிமின் கொண்டு ஜீன் ஏற்றப் போகிறீர்கள் என்றால் இவை இடைஞ்சல்: எதிர்மின் ஏற்றம் கொண்ட இவை, டிஎன்ஏ-வுக்கு முன்பே நேர்மின் ஏற்றமுள்ள அந்தப் பாலிமரைப் பற்றிக்கொள்ளும். ஜீன் ஏற்றும் நாளுக்கு இவை இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள்.

மூன்று பாசேஜ் அருமையாக வளர்ந்தது, நான்காவதில் நின்றுவிட்டது. ஏன்?

இந்தத் துறையில் அடிக்கடி வரும் ஏமாற்றம் இது. சீரத்தில் வாழ்ந்த செல், இரும்பைப் பெரிட்டின் எனும் புரதத்திலும், கொழுப்பைச் சவ்விலும் துளிகளிலும், செலினியத்தைப் புரதங்களிலும் சேர்த்துவைத்திருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் அந்தச் சேமிப்பு பாதியாகும். ஒரு பாசேஜுக்கு மூன்று பிரிவு என்றால் எட்டில் ஒன்று. மூன்று பாசேஜில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதன்பிறகுதான் உங்கள் மீடியத்தில் என்ன இல்லை என்பது தெரியும். கழுவாமல் வந்த சீரத்தின் மிச்சமும் இப்படித்தான் கரைந்து போகிறது.

ஆகவே புதுக் கலவையை முதல் பாசேஜை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஐந்தாவதுவரை காத்திருங்கள், பத்தாவது பார்த்தால் இன்னும் நல்லது. நின்றுபோன குடுவையை நாலைந்தாகப் பிரித்து, ஒன்றில் இரும்பு, ஒன்றில் லிப்பிட் (கொழுப்பு) கலவை, ஒன்றில் செலினைட், ஒன்றில் நுண் உலோகக் கலவை, ஒன்றில் 1% சீரம் சேருங்கள். சீரத்தில் மட்டும் எழுந்தால் குறை உங்கள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. சீரத்திலும் எழவில்லை என்றால் செல்லே கெட்டுவிட்டது; உறைய வைத்த பழைய குப்பியைத் திறங்கள்.

கொழுப்பு அவசியமா?

சிஎச்ஓ-கே1 கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளும். எத்தனோலமினும் லினோலெயிக் அமிலமும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். என்எஸ்0 எனும் எலி மயலோமா செல் அப்படியல்ல: கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதை அதில் அறுந்திருக்கிறது, வெளியிலிருந்து தந்தே ஆக வேண்டும். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் பொதிந்து தருவார்கள். எத்தனாலில் கரைத்து ஊற்றினால் வடிகட்டியிலேயே பெரும்பகுதி தங்கிவிடும். லிப்பிடை எப்போதும் வடிகட்டிய பிறகு, கிருமி நீக்கிய இருப்புக் கரைசலிலிருந்து சேருங்கள்.

மீடியத்தை வெளிச்சத்தில் வைத்தால் என்ன ஆகும்?

ரைபோபிளேவின் ஒளியை ஏற்று டிரிப்டோபனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஹெப்பிஸ் பப்பர் (பிஎச் மாறாமல் வைக்கும் பொருள்) இருந்தால் இன்னும் மோசம். கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் விளக்கு அணையாமல் எரிந்தாலே போதும். முன்வரிசை பாட்டிலில் செல் வளராமல், பின்வரிசை பாட்டிலில் வளர்ந்தால் காரணம் இதுவே. அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எப்படித் தீர்மானிப்பது?

இரண்டு வழி, இரண்டும் வேண்டும்.

ஒன்று, செல் தின்றது என்ன என்று பார்ப்பது. தினமும் 1 மி.லி. எடுத்துச் செல்லை நீக்கி உறைய வைத்து, மொத்தமாக அமினோ அமிலம், குளுக்கோஸ், லாக்டேட், அம்மோனியா அளங்கள். தின்னும் வேகத்தைக் கணக்கிட, குறைந்த அளவை மொத்த செல்-நாளால் (ஒவ்வொரு நாளும் இருந்த செல் எண்ணிக்கையின் கூட்டுத்தொகையால்) வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக அஸ்பராஜின் 3.6 மில்லிமோலார் குறைந்திருக்கிறது, அதற்குள் மி.லி.க்கு 2 கோடி செல்-நாள் சேர்ந்திருக்கிறது என்றால், ஒரு செல் நாளொன்றுக்கு 0.18 பிக்கோமோல் தின்கிறது. 5 கோடி செல்-நாளை எட்ட வேண்டும் என்றால் 9 மில்லிமோலார் தேவைப்படும். சிஎச்ஓ-வில் முதலில் தீருவது அஸ்பராஜின், செரின், சிஸ்டின், டைரோசின் போன்றவை. கடைசி இரண்டும் நடுநிலை பிஎச்-சில் சரியாகக் கரையாதவை. அளவைக் கூட்டினால் ஃபிரிட்ஜில் வெள்ளையாகப் படியும். அவற்றைக் காரக் கரைசலில் தனியாகக் கரைத்து ஊட்ட வேண்டும்.

குளூட்டமினைக் கண்மூடித்தனமாகக் கூட்ட வேண்டாம். 37 டிகிரியில் அது தானாகவே சிதைந்து அம்மோனியா விடும். 5 மில்லிமோலாரைத் தாண்டும் அம்மோனியா பல சிஎச்ஓ வழிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். அலனில்-குளூட்டமின் இரட்டைப் பெப்டைடு இந்தச் சிக்கலைக் குறைக்கிறது.

இரண்டாவது வழி புள்ளியியல். பதினொரு பொருளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் வருடம் போய்விடும். பிளாக்கெட்-பர்மன் எனும் சோதனை அமைப்பில் 12 குடுவையில் 11 பொருளையும் மேல் அளவு, கீழ் அளவு என வைத்து, எது கணிசமாகப் பாதிக்கிறது என்று பிரித்துவிடலாம். மூன்று பொருள் தேறினால் அவற்றை மட்டும் மையக் கூட்டமைப்பு எனும் இன்னொரு சோதனை அமைப்பில், ஏறக்குறைய 20 குடுவையில், உகந்த அளவுக்குக் கொண்டுவரலாம். பிளாக்கெட்-பர்மனில் ஒரு பொறி உண்டு. இரண்டு பொருள் சேர்ந்து தரும் விளைவு, மூன்றாவது பொருளின் தனி விளைவுபோலக் காட்டும். இரும்பும் சிட்ரேட்டும் அப்படி இணைந்தவை. அவற்றை ஒரே காரணியாகக் கட்டி வைப்பதே நல்லது.

வளர்ச்சியை எம்டிடி சோதனையில் பார்க்கலாமா?

வேண்டாம். உயிருள்ள செல் எம்டிடி சாயத்தை ஊதாவாக்குவதை வைத்து அளக்கும் சோதனை அது. ஆனால் அஸ்கார்பிக் அமிலம், சிஸ்டெய்ன் போன்ற ஒடுக்கிகள் செல் இல்லாமலே எம்டிடி-யை ஊதாவாக்கும். கலவைக்குக் கலவை அந்த அளவு மாறும்போது நிறத்தை வைத்து ஒப்பிட முடியாது. எண்ணுங்கள்.

ஒட்டி வளரும் செல்களுக்கும் ஸ்டெம் செல்களுக்கும்?

தரையை நீங்கள்தான் பூச வேண்டும். வைட்ரோநெக்டின் அல்லது பைப்ரோநெக்டின், சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோகிராம் அளவில் தொடங்கலாம். மனித ஸ்டெம் செல்லுக்கு 2011-ல் ஜேம்ஸ் தாம்சன் குழு வெளியிட்ட இ8 மீடியம் நல்ல பாடம். ஏற்கெனவே இருந்த கலவையிலிருந்து ஆல்புமினை எடுத்ததும், ஆல்புமின் எதன் நஞ்சை மறைத்ததோ அந்த மெர்காப்டோஎத்தனாலையும் எடுக்க முடிந்தது. கடைசியில் டிஎம்இஎம்/எஃப்12-ஐயும் சேர்த்து எட்டே பொருள்.

வளர்ப்பு இறைச்சிக்காக டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாட்டுத் தசைச் செல்லுக்கு 2022-ல் வெளியான மீடியம் எதிர்த்திசையில் போனது: இ8 வகைக் கலவையில் மறுசேர்க்கை ஆல்புமினை மி.லி.க்கு 800 மைக்ரோகிராம் சேர்த்தார்கள். அதையும் விதைத்த அன்றே சேர்க்காமல் மறுநாள் சேர்த்தார்கள். முதல் நாள் ஆல்புமின் இருந்தால் செல் ஒட்டுவது குறைகிறது. ஒரு செல்லுக்கு வேண்டாதது இன்னொன்றுக்கு வேண்டியிருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட நாளில்.

ஆன்டிபயாடிக் போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். சீரப் புரதம் மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்திருந்தது. அது இல்லாதபோது பழைய அளவே மிகையாகிவிடும். போட்டே ஆகவேண்டும் என்றால் வழக்கமான அளவில் ஐந்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று.

செய்முறை மாறவில்லை, ஆனால் திடீரென வளர்ச்சி விழுந்துவிட்டது.

மாறியது எது என்று பட்டியலிடுங்கள்: தண்ணீர், பொடித் தொகுப்பு, போலாக்சமர் தொகுப்பு, வடிகட்டி, குடுவை, பை. போலாக்சமர் தொகுப்பு மோசமானால் அமைதியாக நிற்கும் பிளாஸ்க்கில் எதுவும் தெரியாது. காற்றூட்டும் கலனில் செல் சாகும். ஆகவே புதுத் தொகுப்பைத் தடுப்புச் சுவருள்ள குடுவையில், நுரை வரும்படி ஆட்டிச் சோதியுங்கள்.

பிளாஸ்டிக் பையும் குற்றவாளியாகலாம். பாலிஎத்திலினில் சேர்க்கும் ஒரு பாஸ்பைட் ஆன்டிஆக்சிடன்ட், காமா கதிரால் கிருமி நீக்கும்போது சிதைந்து பிடிடிபிபி எனும் பாஸ்பேட்டாகி மீடியத்தில் கசிகிறது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. மிகக் குறைந்த அளவிலேயே சிஎச்ஓ வளர்ச்சியை அது தடுக்கும். அதே மீடியத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்று நாள், பையில் மூன்று நாள் 37 டிகிரியில் வைத்து, இரண்டிலும் செல் விதைத்தால் ஒரே வாரத்தில் விடை தெரிந்துவிடும்.

சீரம் இல்லாமல் உறைய வைப்பது எப்படி?

பெருகும் கட்டத்தில், 95%-க்கு மேல் உயிருள்ள செல்களை எடுங்கள். புது மீடியமும், அவை வளர்ந்துகொண்டிருந்த பழைய மீடியமும் சரிபாதி கலந்து, அதில் 7.5% டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் கரைப்பான்) இருக்கும்படி செய்து குளிர வையுங்கள். மி.லி.க்கு 1 கோடி செல். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 80-க்கு இறக்கி, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை உருக்கிப் பாருங்கள். முதல் பாசேஜில் வளர்ச்சி மந்தமாக இருக்கும். மூன்றாவதில் 24 மணி நேர இரட்டிப்புக்குத் திரும்பவில்லை என்றால் அந்தத் தொகுப்பு முழுவதையும் சந்தேகியுங்கள். அதுவரை பழைய சீரக் குப்பிகளை வெளியே எறிய வேண்டாம்.